மாப்ள, பாம்பன் ஒண்ணும் தண்ணியில்லாத காடு இல்ல

மாப்ள,

உங்கம்மா நேத்து போன் பண்ணி ஒரே பொலம்பல், "புள்ளைய தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திட்டாங்கடா"ன்னு. பின்னாடி நீ வேற உச்சு கொட்டிகினு இருந்தது எனக்கு நல்லாவே கேட்டுது. பேங்க் வேலைன்னா நாலு ஊர் தான்டா, உன்னை பாம்பனுக்கு மாத்துனா இன்னா இப்ப? அதுவும் தண்ணியப் பத்தி பேச நம்ம வேலூர்க்காரனுக்கு இன்னா யோக்கியதை கீது? தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு ஊரே நம்மள கிண்டல் அடிச்சுது, அதுல சாமி மட்டும் 1981-ல கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு, பாலாறு இன்னும் வெறும் மணலாத்தான் கெடக்குது.

நான் ரயில்வேல சேர்ந்த புதுசுல என்னை மதுரை டிவிஷன்ல போட்டு பாம்பன் ஸ்டேஷனுக்குத்தான் அனுப்புனாங்க, அது உனக்குத் தெரியும், ஆனா அந்த ஊர் இன்னா ஊருன்னு நான் உன்கிட்ட உக்காந்து சொன்னதே இல்ல. எல்லாரும் பாம்பன்னா பாலம்னு நெனைச்சுக்கறாங்க, பஸ்ஸ நிறுத்தி போட்டோ எடுத்துட்டு நேரா ராமேஸ்வரம் போய்டுவாங்க. பாலம் இறங்கினதும் ஒரு ஊர் கீதுன்றதே பாதி பேருக்குத் தெரியாது. உன்னை மாதிரி வேண்டாவெறுப்பா வர்றவனுக்கு முதல்ல இத சொல்லணும்: அது கடைசி ஊர் இல்ல, அது ஜங்ஷன். நெசமாவே ஒரு காலத்துல பாம்பன் ஜங்ஷன்தான். 1914-ல பாலம் தொறந்தப்புறம் லைன் பாம்பன்ல ரெண்டா பிரியும், ஒண்ணு ராமேஸ்வரத்துக்கு, இன்னொண்ணு தனுஷ்கோடிக்கு. அதுல தனுஷ்கோடி போற லைன்தான் பெருசு, ராமேஸ்வரம் சும்மா கிளை. எழும்பூர்ல போட் மெயில் ஏறுனா தனுஷ்கோடில இறங்கி அப்படியே ஸ்டீமர், அந்தாண்ட தலைமன்னார், அங்க ரயில் ஏறி கொழும்பு. இர்வின், கோஷன்னு ரெண்டு கப்பல் பேரு இன்னும் அங்க பெருசுங்க வாயில வரும்.

அதுக்கும் முன்னாடியே அது துறைமுகம்தான், சேதுபதி ராஜாங்க ஆண்ட சீமை. வெள்ளக்காரன் 1800-கள்ல பாம்பன் கால்வாய ஆழப்படுத்துனான். விவேகானந்தர் அமெரிக்கால்லாம் போய்ட்டு 1897 ஜனவரி 26-ஆம் தேதி வந்து கால் வெச்சது பாம்பன்லதான், பாஸ்கர சேதுபதியே வந்து வரவேத்தாரு. குந்துகால்ல மண்டபம் கட்டி வெச்சுகிறாங்க, ஞாயித்துக்கிழமை சாயந்தரம் போ, கூட்டம் இருக்காது.

பழைய பாலத்த நீ கொழந்தையா இருந்தப்போ பார்த்திருக்க, ஞாபகம் இருக்காது. நடுவுல ஷெர்ஸர் ஸ்பான்னு சொல்ற பாகம், கப்பல் வந்தா ரெண்டா பிரிஞ்சு மேல தூக்கும். மோட்டார்லாம் கிடையாது, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையாலயே சுத்துவாங்க, வெயில்ல இரும்பு கொதிக்கும், கையில துணி இல்லாம புடிக்க முடியாது. சுத்துறவங்க மூச்சு வாங்கிகினே கடலப் பார்ப்பாங்க, இந்தப் பக்கம் வரிசையா படகுங்க நங்கூரம் போட்டு காத்துகினு இருக்கும், முதல்ல பெரிய கப்பல் போவும், அது பின்னாலயே படகுங்க ஒண்ணையொண்ணு இடிச்சிகினு பாயும், நம்ம பழைய பஸ் ஸ்டாண்டுல குடியாத்தம் பஸ் வந்தா ஜனம் பாயுமே, அதே கதை. 2022 டிசம்பரோட அதுல ரயில நிறுத்திட்டாங்க. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல தொறந்தாங்க, நடு பாகம் 72.5 மீட்டர், லிஃப்ட் மாதிரி நேரா மேல ஏறுது. வசதிதான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அந்தப் பழசு மேலதான் பாசம், ஏன்னா 1964 புயல்ல மத்த கர்டருங்கள்ல முக்காவாசிய கடல் அடிச்சிகினு போனப்போ அந்த தூக்கற பாகம் மட்டும் அசையாம நின்னுச்சு.

64 பத்தி அங்க யாராவது பேசுனா குறுக்க பேசாம கேளு. டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து கெளம்புன தனுஷ்கோடி பாசஞ்சர், 653-ஆம் நம்பர், பயணிங்க 110 பேர், ஸ்டாஃப் 5 பேர்னு கணக்கு, டிக்கெட் எடுக்காம ஏறுனவங்க அந்தக் கணக்குல வரமாட்டாங்க. தனுஷ்கோடி ஸ்டேஷன் கிட்ட வந்தப்போ சிக்னல் வேலை செய்யல, டிரைவர் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு விசில் அடிச்சுகினே எடுத்தாருன்னு எங்க சீனியருங்க சொல்வாங்க. ஒருத்தரும் திரும்பல. ராத்திரி டியூட்டில காத்து அடிக்கறப்போ சிக்னல் ரூம்ல உக்காந்து இந்தக் கதைய கேட்டவனுக்குத்தான் தெரியும். பாலத்த ரயில்வே இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன் தலைமைல, கடலுக்குள்ள கெடந்த கர்டருங்களத் தூக்கி, 46 நாள்ல சரி பண்ணாங்க. தனுஷ்கோடி லைன திரும்பப் போடவே இல்ல. அன்னிலருந்து பாம்பன் ஜங்ஷன் இல்ல.

இலங்கைக் கப்பல் அப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து 80-கள் வரைக்கும் ஓடிச்சு. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம்னு படிச்சிருப்பியே, அதுல திருப்பி அனுப்புன மலையகத்து தோட்டக்காரங்க அந்தக் கப்பல்லதான் வந்து இறங்குனாங்க. 83 கலவரத்துக்கு அப்புறம் இலங்கைத் தமிழ் சனம் படகுல தப்பிச்சு வந்து அந்தக் கரைல இறங்கி, மண்டபம் கேம்ப்ல பதிஞ்சு, அங்கிருந்து ஊர் ஊரா அனுப்பி வெச்சாங்க. நம்ம மேல்மொணவூர் கேம்ப் இருக்குதே, உன்கூட படிச்ச புள்ளைங்க வீடு, அவங்க தாத்தா பாட்டிங்கள கேளு, மண்டபம் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அட நம்ம பாலாத்தங்கரை முத்து மண்டபத்துல கெடக்குறதே கண்டி கடைசி ராஜாதானே, 1816-ல கொண்டாந்து கோட்டைல வெச்சாங்க, 1832-ல செத்தாரு. இலங்கை நமக்கு அவ்ளோ தூரம்லாம் இல்ல.

சரி, இப்ப இருக்கப்போற ஊருக்கு வா. அங்க நாள் காட்டி வேற. வடக்க ஒரு கடல், தெக்க ஒரு கடல், நடுவுல ஊரு. வாடைக் காத்து மாசத்துல வடகடல் கொந்தளிக்கும், தெக்க சாதுவா இருக்கும், கச்சான் அடிக்க ஆரம்பிச்சா அப்படியே உல்டா. அதுக்கேத்த மாதிரி நாட்டுப்படகுக்காரங்க கடல மாத்திக்குவாங்க. டிவில "பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு"ன்னு ஓடுமே, அந்தக் கூண்டு ஏறுற கம்பம் உனக்கு கண்ணுக்கு எதிர்க்கயே இருக்கும், ராத்திரில கூண்டுக்கு பதிலா லைட்டு. கூண்டு ஏறுன அன்னிக்கு மீன்வளத்துறை குடுக்கற டோக்கன் கிடையாது, டோக்கன் இல்லன்னா விசைப்படகு கடலுக்குப் போவாது, படகு போவலன்னா டீக்கடை வரைக்கும் காசு ஓடாது.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். உன் கவுன்டர்ல அப்ப பாரு, நகைக்கடனுக்கு கூட்டம் நிக்கும். நிவாரணம் அக்கவுன்ட்ல ஏறுற அன்னிக்கு பாஸ்புக் என்ட்ரி போட்டே கை ஓஞ்சுடும். அப்ப சிடுசிடுன்னு பேசாத, சொல்லிட்டேன். படகு புடிபட்டு இலங்கைல புருஷன் ஜெயில்ல இருக்கற பொண்ணு கூட அந்த லைன்ல நின்னுகினு இருக்கும். 1974-ல கச்சத்தீவ குடுத்தது சரியா தப்பான்னு அங்க போய் வாயக் குடுக்காத. ஆனா ஒண்ணு காதுல போட்டுக்கோ, இழுவைமடிய, அதாவது விசைப்படகு கடலடிய அரிச்சு இழுக்கற வலைய பத்தி நாட்டுப்படகுக்காரன் சொல்றதயும் கேளு, அந்தாண்ட யாழ்ப்பாணத்து மீனவன் வலை அறுபட்டு நிக்கறதும் நெசம். நான் படகு ஓனருங்க பேச்ச மட்டும் கேக்கறவன் இல்ல.

பொம்பளைங்க கடல்பாசி எடுக்கப் போறத கண்டிப்பா பாரு. விடியக்காலைல விரல் ஒவ்வொண்ணுக்கும் துணிய சுத்தி நூலால கட்டுவாங்க, பாறை கிழிக்காம இருக்க. பழைய சட்டைய புடவை மேல மாட்டிகினு, கண்ணுக்கு கண்ணாடி போட்டுகினு, படகுல தீவுங்க பக்கம் போய் முங்கி முங்கி புடுங்குவாங்க. குருசடை மாதிரி 21 தீவும் 1986-ல இருந்து தேசியப் பூங்கா, அதனால ஃபாரெஸ்ட்காரங்களோட எப்பவும் தகராறு. நம்ம ஐஸ்கிரீம்லயும் ஜெல்லிலயும் சேர்க்கற சரக்கு அந்தப் பாசில இருந்துதான் வருது.

தண்ணி? மணல தோண்டுனா நல்ல தண்ணி ஊறும்டா. பக்கத்துல தங்கச்சிமடத்துல அந்த மணல்லதான் மல்லி நாத்து போடறாங்க, குச்சிய நட்டு வேர் புடிச்சதும் கட்டு கட்டி தமிழ்நாடு பூரா அனுப்புறாங்க. நம்மூர்ல மல்லி போடறவன்கிட்ட நாத்து எங்க வாங்குனன்னு கேளு, ராமேஸ்வரம்னுதான் சொல்வான்.

திருப்பதி - ராமேஸ்வரம் ட்ரெயின் நம்ம கன்டோன்மென்ட்லயே நிக்குது, பஸ்ல போய் இடுப்ப ஒடைச்சிக்காத. வீடு ரோட்டு மேல பாரு, கடல் தெரியற வீடுன்னு ஆசைப்பட்டா உப்புக் காத்துல பைக் செயின்ல இருந்து கேஸ் அடுப்பு வரைக்கும் துரு ஏறிடும். தனுஷ்கோடிக்கு செல்ஃபி எடுக்க முதல் வாரமே ஓடாத, 2017-ல ரோடு போட்டதுல இருந்து அரிச்சல்முனைல சனி ஞாயிறு கால் வெக்க இடமில்ல.

அப்புறம், சம்பளம் வந்ததும் எனக்கு ஒரு கிலோ சீலாக் கருவாடு வாங்கி யார்கிட்டயாவது குடுத்தனுப்பு. நல்லா காஞ்சதா பார்த்து எடு, நாலு கவர் போட்டு கட்டு, ஏசி கோச்ல வர்றவன்கிட்ட குடுக்காத, அந்தாளு விழுப்புரத்துலயே தூக்கிப் போட்டுடுவான்.

உன் மாமா
சத்துவாச்சாரி, வேலூர்