அம்மாவை வீடு சேர்த்த உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, அதன்பின் வாரக்கணக்கில் மறுவாழ்வுப் பிரிவில் இருந்த எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லப் போனால் கட்டாயம் யாராவது விட்டுப்போவார்கள். அதனால்தான் பொதுவில் இந்த மடல். யார் பெயரும் போடவில்லை. உங்களில் பாதிப் பேர் பெயர் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

முதலில் மருத்துவர்களுக்கு. ஆபரேஷன் முடிந்த மறுநாளே அம்மாவை எழுப்பி நிற்க வைக்கச் சொன்னபோது, "ஐயோ, இந்த வயசிலா?" என்று குடும்பமே பதறியது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், இருக்கிற தசையும் கரையும் என்று எங்களை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினீர்கள். அந்தப் பொறுமைக்கு நன்றி.

இரவுப் பணி நர்ஸ் ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஓர் இரவு அம்மாவுக்கு எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே புரியவில்லை. என்றோ போய்விட்ட தன் அண்ணனைக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் உடைந்துபோனோம். நீங்கள் வந்து முதலில் கேட்டது, "அம்மாவோட கண்ணாடி எங்கே? காது மெஷின் எங்கே?" இரண்டும் டிராயரில் பத்திரமாக இருந்தன! மாட்டிவிட்டீர்கள். கடிகாரத்தைக் கண்ணில் படும்படி வைத்தீர்கள். வலி இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க டாக்டரை அழைத்தீர்கள். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படிக் குழப்பம் வருவது உண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும், மறதி நோய் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள் என்றீர்கள். சில நாளில் தெளிந்தும் விட்டார்.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் தம்பி. உங்களுக்கு அம்மாவைவிடப் பெரிய நோயாளி எங்கள் அப்பாதான். அம்மா நாற்காலியில் லேசாக அசைந்தாலே ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்குவார். "ஐயா, உங்க ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்குங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அவரை ஓரமாக நிறுத்தினீர்கள். பிறகு அம்மாவிடம்: நாற்காலியின் விளிம்புக்கு நகருங்கள், ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டுங்கள், நல்ல காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்திருங்கள், நின்ற பிறகு வாக்கரைப் பிடியுங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது சாய்ந்து ஆளோடு விழும் என்பதைக் காலி வாக்கரைச் சாய்த்தே காட்டினீர்கள். அம்மா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தபோதெல்லாம் அப்பாவின் தோள் துடித்ததை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள், ஆனாலும் விடவில்லை. எனக்குத் தெரிந்து, அம்மா இன்று தானாக நடமாடுவதற்குக் காரணம், தூக்கிவிட்டவர்களைவிடத் தூக்காமல் பக்கத்தில் நின்றவர்கள்தான். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கிற கால் முதலில் என்பதை அப்பா பெரிய எழுத்தில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

வீட்டைத் தயார் செய்தது தனிக் கதை. டிஸ்சார்ஜ் தேதி நாங்கள் நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டது. அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கி, அதற்கேற்ப வீட்டையும் சரிசெய்யச் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அக்கா, நீங்கள் அளவு நாடாவோடு வந்து நின்றிராவிட்டால் நாங்கள் கட்டிலை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்திருப்போம். படுக்கையிலிருந்து கழிப்பறைவரை அம்மா நடப்பதுபோலவே வாக்கரோடு நடந்து பார்த்தீர்கள். கால்மிதியும் தரையில் ஓடிய ஒயரும் அப்போதே போயின. குளியலறையில் டவல் மாட்டும் கம்பியைக் காட்டி, "வீட்டிலேயே ஆபத்தான சாமான் இதுதான், வழுக்கினால் கை முதலில் இதற்குத்தான் போகும், இது ஆள் எடை தாங்காது" என்றீர்கள். குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் யார் எப்படித் திறப்பது? அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிக் கொடுத்த தச்சர் அண்ணனுக்கு நன்றி. அம்மாவின் பிரியமான நாற்காலி தாழ்வானது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்பதால் அதைத் தூக்கி உள்ளே போடச் சொல்லியிருந்தார்கள். "வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிடாதீங்க" என்று அம்மா முகம் சுருங்கியதைப் பார்த்து, நீங்களாகவே நான்கு காலுக்கும் அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினீர்கள். கட்டை நழுவாதபடி குழி செதுக்கி உட்கார வைத்த அந்த வேலையை அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். கைப்பிடி மாட்டியவரோ, சுவரைத் தட்டித் தட்டிச் செங்கல் இருக்கும் இடம் பார்த்து நீள ஸ்குரூ போட்டு, கடைசியில் தானே அதில் தொங்கிக் காட்டினார். அதற்குமேல் என்ன உத்தரவாதம் வேண்டும்!

மருந்துக் கடைக்காரருக்கும் ஒரு கும்பிடு. பழைய சீட்டையும் புதிய சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, வெவ்வேறு பெயரில் ஒரே மாத்திரை இரண்டு முறை இருப்பதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் கேட்கச் சொன்னவர் அவர்.

அப்பாவைத் தினமும் சாயங்காலம் நடைக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சொல்ல! அந்த நேரத்தில்தான் நான் தூங்கினேன். வர முடியாவிட்டாலும் போனிலேயே பில், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட தங்கைக்கு நன்றி. பார்க்க வந்து, அறிவுரை எதுவும் சொல்லாமல் போன நல்லவர்களுக்கு இரட்டை நன்றி.

உயர்த்திய கழிப்பறை இருக்கை ஒன்று சீக்கிரம் காலியாகும். தேவைப்படுகிறவர்கள் சொல்லி வையுங்கள், சுத்தம் செய்து தருகிறேன். அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மணியை ஒரு தடவை மட்டும் அடியுங்கள். கதவைத் தானே வந்து திறப்பேன் என்று அம்மா அடம்பிடிக்கிறார், இரண்டாவது மணி கேட்டால் அவசரப்படுவார்.

அன்புடன்,
உங்கள் எல்லோருக்கும் கடன்பட்ட மகள்