செயலாளர் ஆண்டறிக்கை: இணைய வகுப்பும் நிலுவைச் சந்தாவும்

தலைவர், போசகர், நிர்வாகசபை உறுப்பினர்கள், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். எமது சனசமூக நிலையத்தின் கடந்த ஒரு வருட வேலைகளைப் பொதுச்சபையின் முன் வைக்கிறேன்.

தைப்பொங்கலன்று நிலைய முற்றத்தில் பொங்கினோம். வாணி விழா வழமைபோல நடந்தது. மாரிக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவுக்கு ஒரு சிரமதானம் செய்தோம். விளையாட்டுப் போட்டி மழையால் தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. வாசிகசாலைக்கு நாளிதழ்கள் தடையின்றி எடுக்கிறோம். இவ்வருடம் எம்மை விட்டுப் பிரிந்த அங்கத்தவர்களின் குடும்பங்களுக்கு நிலையத்தின் அனுதாபங்கள்.

இனி இணைய அறிமுக வகுப்பு. இதற்கு நிர்வாகசபைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தபடியால் விரிவாகவே சொல்கிறேன். “எல்லாற்றை கையிலையும் போன் இருக்கு, இதிலை படிப்பிக்க என்ன கிடக்கு?” என்று கேட்டார்கள். போன் இருக்கிறது, உண்மை. ஆனால் ஒரு விண்ணப்பம் நிரப்ப, ஒரு மின்னஞ்சல் அனுப்ப, பிள்ளையின் பெறுபேறு பார்க்க, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சந்தியில் உள்ள கொமினிகேஷன் கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாயாலே சொல்லிவிட்டு வருகிறார்கள். கடைக்காரரில் பிழையில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் கொடுத்த இடம்தானே வாசிகசாலை? அதே வேலையை இன்றைய தேவைக்குச் செய்ய வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

வெளிநாட்டில் இருக்கும் எமது ஊரவர்கள் அனுப்பிய பாவித்த மடிக்கணனிகளும், படிப்பிக்க, உயர்தரம் எழுதிவிட்டு நின்ற பிள்ளைகளும் கிடைத்தார்கள். ஞாயிறு பின்னேரங்களில் வகுப்பு.

இணையம் என்றால் என்ன என்று முதல் நாள் கேட்டபோது பலர் பேஸ்புக் என்றார்கள், சிலர் கூகிள் என்றார்கள். இதைத் தெளிவாக்காமல் மேலே போக முடியாது. உலகெங்கும் உள்ள கணனிகள் ஒரே விதிமுறையில் பேசிக்கொள்ளும் ஏற்பாடுதான் இணையம். அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1983 சனவரி 1 அன்று அந்த விதிமுறைக்கு மாறியது. இணையப் பக்கங்கள் அதற்குப் பின்னர் வந்தவை. சுவிஸில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலையை, 1993இல் யாரும் காசின்றிப் பாவிக்கலாம் என்று அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது. மின்னஞ்சல் இரண்டுக்கும் மூத்தது; ரே ரொம்லின்சன் 1971இலேயே @ குறியைப் போட்டு ஒரு கணனியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். ஆகவே வலை ஒரு சேவை, மின்னஞ்சல் ஒரு சேவை, வைபர் அழைப்பு இன்னொரு சேவை. எல்லாம் ஒரே இணையத்தின் மேல்தான் ஓடுகின்றன.

இது ஏட்டுப் படிப்பு அல்ல. சாதாரண தரப் பெறுபேறு வந்த இரவு நிலையத்தில் நல்ல கூட்டம். பரீட்சைத் திணைக்களத்தின் இணையப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. “இன்ரநெற் செத்துப்போச்சு” என்று ரவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு தாய், லண்டனில் உள்ள தமக்கைக்கு வைபரில் எடுத்துப் பார்த்தார். கதைக்க முடிந்தது. “இணைப்பு இருக்கு தம்பி, அவையின்ரை பக்கத்திலைதான் நெரிசல். ரவுட்டரை விடுங்கோ” என்றார். கொஞ்ச நேரத்தில் மகளின் சுட்டிலக்கத்தை அவரே அடித்துப் பெறுபேற்றை எடுத்தார். அன்று வகுப்பை எதிர்த்த இருவரும் அங்கே நின்றார்கள்.

கடவுச்சொல்லுக்குத்தான் கூடுதல் நேரம் எடுத்தோம். மகனின் பெயரும் பிறந்த வருடமும் போதும், அது எனக்கு மறக்காது என்று ஒரு அன்ரி பிடிவாதமாக நின்றார். “உங்களுக்கு மறக்காது அன்ரி, ஆனா அது ஊருக்கே தெரியுமே” என்றாள் படிப்பித்த பிள்ளை. பிறகு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களை அவரே சேர்த்து வைத்துக்கொண்டார். அப்புறம் ஓடிபி. போனுக்கு வரும் அந்த இலக்கத்தை வங்கி என்று சொல்லி யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் செய்தியை அழுத்தக் கூடாது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னோம், இனியும் சொல்வோம்.

தமிழில் எழுதுவதும் பெரிய வேலையாக இருந்தது. நிலையத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை ரொறன்ரோவில் உள்ள முன்னாள் தலைவருக்கு அனுப்பியபோது, அங்கே திறந்தது முழுக்க ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளி நிற்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு. அது இல்லாத கணனியில் அடியில் கிடக்கும் ஆங்கிலம்தான் தெரியும். யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்குச் சொந்தக் குறியீடுகள் உண்டு. குறிப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலையை மாணவர்கள் பாதிக்கு மேல் முடித்துவிட்டார்கள். தட்டச்சுக்கு விரல் வராத பெரியவர்கள் போனில் வாயால் சொல்லித் தமிழில் எழுதப் பழகினார்கள். 2010 முதல் இணைய முகவரியே ‘.இலங்கை’ என்று தமிழில் முடியலாம் என்றபோது வகுப்பில் பலருக்கு அது புதுச் செய்தி.

எனக்கு மிகவும் நிறைவு தந்தது நூலகம் வகுப்பு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் எல்லாம் வருடி ஏற்றப்பட்டு, யாரும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தான் படித்த காலத்துப் பாடசாலை மலரைத் திறந்து, வேறு யாரையும் அந்தக் கணனியில் இருக்க விடவில்லை. 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அங்கிருந்த ஓலைச்சுவடிகள் பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. ஒரு மலரின் பிரதி பல இடங்களில் இருக்கும்போது ஒரு நெருப்பால் அதை அழிக்க முடியாது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்ட இ. மயூரநாதன் வண்ணார்பண்ணையில் பிறந்தவர் என்று சொன்னதும், எமது ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத இரண்டு மாணவர்கள் பெயர் தந்திருக்கிறார்கள்.

சரி, இனி மனத்தாங்கல். அங்கத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா கட்டவில்லை. சிலருடையது மூன்று வருட நிலுவை. இணையக் கட்டணம் தவறியதால் நடு வருடத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டு, வகுப்பு நின்றது. நிலைய வாசலில் இருந்து வைஃபை பாவித்தவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் வாசிப்பது பண்பல்ல. ஆனால் சந்தாப் புத்தகம் மேசையில் இருக்கிறது. நிர்வாகசபைக் கூட்டங்களும் நிறைவெண் இல்லாமல் அடிக்கடி கலைந்தன. வராதவர்கள் பிறகு கோயில் வீதியில் நின்று முடிவுகளைக் குறை சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குறை சொல்ல வேண்டிய இடம் கூட்டம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வரவு சந்தா, நன்கொடை, மண்டப வாடகை. செலவில் பெரும்பகுதி மின்சாரம், பத்திரிகை, இணையம். கையிருப்பு சென்ற வருடத்திலும் பார்க்கக் குறைவு.

போசகர், கணக்குப் பரிசோதகர், மடிக்கணனி அனுப்பிய உறவுகள், பொங்கலுக்குப் பொருள் தந்தவர்கள், கதிரை தந்த ஆலய நிர்வாகம் அனைவருக்கும் நன்றி. படிப்பித்த பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் செலவுகூட எம்மால் கொடுக்க முடியவில்லை. அவர்களுக்கு நன்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் மின்னஞ்சல், அரச விண்ணப்பங்கள், ரயில் ஆசன முற்பதிவு ஆகியவற்றுக்குத் தனி வகுப்புகள் நடத்த விருப்பம். செயலாளர் பதவியில் நான்தான் இருக்க வேண்டும் என்றில்லை. யார் வந்தாலும் என் உதவி உண்டு. ஆனால் இணைப்பு இல்லாமல் வகுப்பு இல்லை. இம்மாதக் கட்டணம் இன்னும் கட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்