கன்று வந்தது, அதன் மண் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வருடம் உலகச் சுற்றாடல் தினத்துக்கு, அதாவது ஜூன் 5ஆம் திகதி, கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கிற நேரத்தில், எங்கள் ஊர்க் குளக்கட்டில் 40 பாலைக்கன்றுகள் நட்டோம். படம் எடுத்தோம், ஆடு மாடு வராமல் வேலி அடைத்தோம், முறை போட்டுத் தண்ணீரும் ஊற்றினோம். இப்போது 6 கன்று நிற்கிறது. எல்லோரும் காற்றையும் வெயிலையும் குறை சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது, ஜூன் மாதத்தில் கிழக்கில் மரம் நடுவதே பிழை என்பதுதான் என் எண்ணமும். ஆனால் செத்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேர் பொலித்தீன் பைக்குள் எப்படிச் சுருண்டிருந்ததோ அப்படியே உருண்டையாக வந்தது. குளக்கட்டு மண்ணுக்குள் ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. அந்தக் கன்றுகள் வெளிமாவட்ட நாற்றுமேடை ஒன்றில் இருந்து வந்தவை, பையில் இருந்தது தும்புச்சோறும் எங்கோ அள்ளிய மணலும்.

குடும்பிமலைப் பக்கம் தேன் எடுக்கப் போகும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தாய்மரத்தடி மண்ணில ஒரு பிடி போட்டியா மனே?" என்று கேட்டார். நான் போடவில்லை, யாரும் போடவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு பிடி மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதத்தான் இந்தக் கடிதம். மரத்தின் வேரோடு சேர்ந்து வாழும் பங்கசுகள் அதில் இருக்கின்றன. 1885இல் ஜேர்மனியத் தாவரவியலாளர் அல்பேர்ட் பிராங்க் இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார், நாம் வேர்ப்பங்கசு என்று சொல்லலாம். பொசுபரசு மண்ணில் நகர்ந்து வராது, வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றரில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் அதன் கை எட்டாது. வேர்மயிரை விடவும் மெல்லிய பங்கசு இழைகள் பல சென்ரிமீற்றர் தூரம் போய் அதைக் கொண்டுவந்து கொடுக்கின்றன, பதிலுக்கு மரம் இலையில் சமைத்த சீனியையும் கொழுப்பையும் கொடுக்கிறது. ஸ்கொட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட தாவரப் புதைபடிவங்களிலேயே இதே கூட்டு தெரிகிறது. வேரே ஒழுங்காக இல்லாத காலத்தில் தாவரம் தரைக்கு வந்து பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். மழைக்குப் பிறகு நாம் பிடுங்கிக் கறி வைக்கும் புற்றுக்காளானை இதோடு குழப்ப வேண்டாம், அது கறையானின் கூட்டாளி. பாலைமரத்தின் வேருக்குள் இருப்பது காளானே விடாத வகை, அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

சரி, ஒரு பங்கசு எல்லா இடத்துக்கும் போதாதா? போதாது. பாலை வன்னியிலும் நிற்கிறது, வாகரைக் காட்டிலும் நிற்கிறது, பாணமைக் கரையோர மணலிலும் நிற்கிறது, கடல் தாண்டி இந்தியாவின் வறண்ட காடுகளிலும் நிற்கிறது, அங்கே சப்போட்டாவை இதன் கட்டையில்தான் ஒட்டுகிறார்கள். மேலே பார்த்தால் ஒரே மரம், ஒரே பழம். கீழே மண்ணின் புளிப்பு, உப்பு, ஈரம், பொசுபரசு அளவு எல்லாம் இடத்துக்கு இடம் வேறு, அதற்கு ஏற்றபடி வேரில் குடியிருப்பவர்களும் மாறுகிறார்கள். 2018இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவின் 20 நாடுகளில் 137 காட்டுத் துண்டுகளில் பைன், ஸ்புரூஸ், பீச், ஓக் மரங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தது. மரத்தின் இனம் மட்டுமல்ல, மண்ணும் காற்றில் வந்து விழும் நைதரசனும் சேர்ந்துதான் எந்தப் பங்கசு எங்கே இருக்கும் என்று தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள். அது வேருக்கு வெளியே உறை போடும் வகை, பாலையில் இருப்பது வேருக்குள் நுழையும் வகை. ஆனாலும் மண்ணைப் பொறுத்து ஆள் மாறுவது இரண்டுக்கும் பொது. உள்ளே நுழையும் வகையின் வித்திகள் மண்ணுக்குள்ளேயே உருவாகின்றன, காளானின் தூள் போல இலகுவில் காற்றில் பறந்து பரவாது, ஆகவே குளக்கட்டு மாதிரிப் புல்டோசர் புரட்டிப் போட்ட மண்ணுக்குத் தானாக வந்து சேர நாளெடுக்கும்.

புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பல வருடம் பைன் நட்டு நட்டுத் தோற்றார்கள், கன்று மஞ்சளாகிக் குட்டையாகவே நின்றது. 1955இல் அமெரிக்காவில் பைன் நின்ற இடத்து மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் வளர்ந்தது. நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, தூரத்து மண்ணோடு நோயும் வரும். பக்கத்துக் கோயில் வளவிலோ வயலோரத்திலோ நிற்கிற நல்ல கிழட்டுப் பாலையின் அடியில், சருகை ஒதுக்கி, மெல்லிய வேர்த்துண்டுகளும் சேரும்படி ஒரு வாளி மண் எடுத்தால் நூறு பைக்குக் காணும். அந்தப் பைகளுக்குப் பொசுபேற்றுப் பசளையை அள்ளிப் போடாதீர்கள், சும்மா கிடைத்தால் கன்று பங்கசைச் சேர்த்துக்கொள்ளாது.

கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த ஒரு மரத்தை எடுத்து, வாகரையில் தொடங்கிப் பாணமை வரை அதன் வேரை ஆராய்ந்தால், எந்த மண்ணுக்கு எங்கிருந்து தாய்மண் எடுப்பது என்று ஊருக்கு ஊர் சொல்லலாம். உயர்தர உயிரியல் மாணவர்களும் இதில் சேரலாம். மெல்லிய வேரைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கி வெளிற வைத்து (ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும், கை வெந்துவிடும்), கறுப்புப் பேனா மையும் வினாகிரியும் கலந்து நிறமேற்றினால், பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே இழைகள் தெரியும்.

நான் இந்த முறை மாரிக்கு முன்னமே 30 பை நிரப்பிவிட்டேன், 15இல் தாய்மண் கலந்தும் 15இல் கலக்காமலும். மழை விழுந்ததும் அதே குளக்கட்டில், அதே வரிசையில் நடுவேன். அடுத்த கச்சான் முடிய எத்தனை நிற்கிறது என்று எண்ணி உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கிரானிலிருந்து ஒரு வாசகர்