எழுவான், படுவான் என்று பெயர் வைத்த ஊர் ஐயா இது

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில், எங்கள் மட்டக்களப்பு நகரில், தலையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிற மெய்நிகர் விண்வெளிப் பயணக் காட்சி நடப்பது பற்றி உங்கள் நிருபர் எழுதியிருந்தார். நல்லது, எழுதட்டும். ஆனால் "வானத்தைப் பற்றி ஏதும் அறியாதிருந்த பின்தங்கிய பிரதேசத்துப் பிள்ளைகள் முதன்முறையாக விண்ணைத் தொட்டனர்" என்ற வரியை வாசித்ததும் எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

தாங்கள் அறியாததல்ல. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம் என்று கரைகளுக்கே பெயர் வைத்த சனம் நாங்கள். எங்களுக்கு வானத்தை அறிமுகம் செய்ய ஒரு கண்ணாடி வரவேண்டியிருந்ததென்று உங்கள் பத்திரிகை கண்டுபிடித்திருக்கிறது. மிக்க நன்றி. 'பின்தங்கிய பிரதேசம்' என்ற சொல்லை நாற்பது வருடமாக உங்கள் பக்கங்களில் வாசித்து வருகிறேன். அச்சுக்கூடத்தில் அதை மட்டும் நிரந்தரமாகக் கோத்து வைத்திருக்கிறீர்கள் போலும்.

அந்தக் காட்சிக்கு நானும் போனேன். பார்க்காமல் குறை சொல்கிறான் கிழவன் என்று யாரும் எழுதிவிடக் கூடாதே. தரம் ஏழில் படிக்கும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு 800 ரூபா. கதிரையில் இருத்தி, தலையில் கண்ணாடியை மாட்டி, காதுக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள். சிங்களமா ஆங்கிலமா என்று கேட்டார்கள். தமிழ் இல்லையா என்றேன். அந்தத் தம்பி, பாவம், தமிழில்தான் பதில் சொன்னார்: "இல்லை ஐயா, மிசினில் வரவில்லை."

மட்டக்களப்பு நகரில், தமிழ்ப் பொடியன் தமிழில் சொல்கிறான், தமிழ் வரவில்லையென்று! அந்த மண்டபத்திலிருந்து கல்லடி உப்போடைக்கு நடந்தே போகலாம். அங்கேதான் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. 1930களில் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், காரைதீவில் பிறந்த அந்த விஞ்ஞானப் பட்டதாரிதான். அவர் மறைந்தது 1947இல். இத்தனை வருடம் கழித்தும் 12 நிமிடக் காட்சிக்குத் தமிழில் குரல் கொடுக்க ஆள் கிடைக்கவில்லையாம். இதைப் பற்றி உங்கள் நிருபருக்கு ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை.

சரி, காட்சிக்கு வருகிறேன். அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஏழு யன்னல் வைத்த ஒரு மாடம் இருக்கிறது, அதன் வழியாகப் பூமியைக் காட்டினார்கள். நீலமும் வெள்ளையுமாக உருண்டு போகிறது. இலங்கை வருமா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். வரவில்லை. அதற்கிடையில் எனக்குத் தலை சுற்றி வயிற்றைப் பிரட்டத் தொடங்கிவிட்டது. கண் ஓடுகிறோம் என்கிறது, காதின் உட்பகுதியோ, இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்கிறது, நடுவில் மூளை என்ன செய்யும்? உண்மையான விண்வெளி வீரர்களிலும் பாதிப் பேருக்கு மேல் முதல் சில நாட்களில் இப்படித்தான் அவதிப்படுகிறார்கள். ஆனால் கண்ணாடியைக் கழற்றிய தம்பி சொன்னது: "வயது போனவர்களுக்கு இது சரிவராது ஐயா." பேத்தி சிரித்தாள். அதைக்கூட மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது உங்கள் படத்துக்குக் கீழே இருந்த வரி. "ஈர்ப்பு விசையே இல்லாத விண்வெளி நிலையத்தில் மிதக்கும் அனுபவம்." முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இந்த ஒரு பிழையை எத்தனை கொப்பியில் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன்! விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு இருக்கிறது. இல்லாவிட்டால் அது நேராகப் போயே போயிருக்கும். நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் மிதக்கிறார்கள். கல்லடிப் பாலத்திலிருந்து வாவிக்குள் குதிக்கிற பொடியன்களுக்கும் தண்ணீரைத் தொடும்வரை அதே நிலைதான், 800 ரூபா கொடுக்காமல். பிறகு ஏன் நிலையம் தரையில் வந்து விழவில்லை? ஒரு நொடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் பக்கவாட்டில் ஓடுகிறது, அதனால். கல்லடிப் பாலத்தில் ஒரு நொடி என்றால் அடுத்த நொடி ஆரையம்பதிக்கு அப்பால். விழ விழ உருண்டைப் பூமியும் கீழே வளைந்து கொடுக்கிறது. இதை என்னுடைய தரம் ஒன்பது பிள்ளைகள் சொல்வார்கள், அதாவது ஏதும் அறியாத பிள்ளைகள்.

1997இல் நான் படுவான்கரையில் படிப்பித்தேன். குருமண்வெளியில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்துதான் மண்டூர்ப் பக்கம் போகவேண்டும். பள்ளிக்கூடத்தில் மின்சாரம் இல்லை, ஆய்வுகூடமும் பெயருக்குத்தான். அந்தப் பங்குனி, சித்திரையில் ஹேல்-பொப் வால்வெள்ளி பொழுதுபட்டதும் வடமேற்கே தெரிந்தது. லைட் இல்லாத ஊரில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று கொழும்பில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லி விளங்காது. வாலின் நீளத்தைப் பிள்ளைகள் விரலால் அளந்தார்கள். எங்கள் அகலாங்கில் வடக்கே துருவ வெள்ளி அடிவானத்திலிருந்து ஏழெட்டுப் பாகை உயரத்தில்தான் நிற்கும், வைகாசியில் தெற்கே சிலுவை வெள்ளியும் தெரியும். இரண்டையும் ஒரே முற்றத்தில் நின்று காட்டியிருக்கிறேன். கரைவலைக்காரரின் பிள்ளைகள் விடிவெள்ளியையும் ஆறாமீனையும் எனக்குக் காட்டித் தந்தார்கள். இவர்கள்தானா வானத்தை அறியாதவர்கள்?

எங்களுக்கு இல்லாதது வானமல்ல, அதைப் படிப்பிக்க ஓர் இடம். நாட்டின் கோள்மண்டலம் 1965இலிருந்து கொழும்பில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். தலைக்கு மேலே போகிற விண்வெளி நிலையமும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரந்தான், அதற்குக் கோச்சிக் காசும் இல்லை. இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1, 2019 ஜூனில் அதே நிலையத்திலிருந்துதான் விடப்பட்டது. அரைப் பக்கக் கட்டுரையில் அதற்கும் இடமில்லை.

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துக்கு இரண்டு கிழமை முன்னரே, வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, நிழலில் எப்படிப் பார்க்கலாம் என்று ஒரு கடிதம் அனுப்பினேன். தாங்கள் அதைப் பிரசுரித்தீர்கள், கிரகணம் முடிந்து ஐந்தாம் நாள். தலைப்பு, 'கிரகணம் பார்க்க ஆயத்தமாவோம்'. தங்களுக்கு நினைவிருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தின் கீழ் வந்த அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குத் தினமும் கால் பக்கம் கொடுக்கிறீர்கள், அதன் கீழே ஞாயிறு தோறும் இரண்டு அங்குலம் ஒதுக்கி, அந்த வாரம் விண்வெளி நிலையம் கிழக்கு மாகாணத்துக்கு மேலே எத்தனை மணிக்குத் தெரியும், எந்தத் திசையில் தெரியும் என்று போடுங்கள். பொழுதுபட்ட பிறகோ விடியற்காலையிலோ, மின்னாமல் ஓடுகிற வெள்ளியாகச் சில நிமிடம் தெரியும். கண்ணாடி தேவையில்லை, தலையும் சுற்றாது.

இந்தக் கடிதம் நீளமென்று வெட்டுவதானால் என் வயிற்றுப் பிரட்டலை வெட்டுங்கள். பாலத்திலிருந்து குதிக்கிற பொடியன்களை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.