பிள்ளைகள் வரைந்த வரைபடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராயபுரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பகுதியின் வரலாற்றைத் தேடித் தொகுத்து வைத்த கண்காட்சியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். "சொல்லிக்கொள்ளும்படியான வரலாறு இல்லாத பகுதியிலிருந்தும் இப்படியொரு முயற்சி" என்று அதில் ஒரு வரி இருந்தது. பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது புரிகிறது. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் எங்கள் இராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா இராயபுரத்தில்தான் இருக்கிறது என்பதும், கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறியதால்தான் வண்ணாரப்பேட்டை அந்தப் பெயரைப் பெற்றது என்பதும், 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே உருவானது என்பதும் தங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஆகஸ்டு மாதம் சென்னை நாள் வரும்போதெல்லாம் தங்கள் சிறப்புப் பக்கங்கள் மயிலாப்பூரிலும் கோட்டையிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. எங்கள் வடசென்னையின் பெயர் வருவது பெரும்பாலும் குற்றச் செய்திகளில்தான்.

நான் பணி ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. கடையில் வாங்கிய படங்களை அட்டையில் ஒட்டி, வீட்டுப் பெரியவர்கள் எழுதித் தருவதையே 'புராஜெக்ட்' என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், என் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பழைய கட்டடத்தைக் காட்ட அழைத்துச் சென்றேன். "பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?" என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பெற்றோரில் சிலரோ, இதெல்லாம் பரீட்சையில் வருமா என்று கேட்டார்கள். இவ்வளவையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இந்தப் பிள்ளைகள் செய்திருப்பது எளிய காரியம் அல்ல.

கண்காட்சியை நேரில் போய்ப் பார்த்தேன். முருங்கைக் கிளைகளை நூலால் பிணைத்துக் கட்டுமரம் செய்திருந்தார்கள். தீப்பெட்டிகளைக் கோத்துப் பழைய இரயிலைச் செய்திருந்தார்கள். ஆனால் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது அவர்கள் வரைந்த வரைபடம். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தாத்தாக்களிடமும், மீன் கூடையை இறக்கி வைத்த ஆயாக்களிடமும் 'கடல் முன்பு எங்கே இருந்தது?' என்று கேட்டுக் கேட்டு, இழந்த கரையை நீல வண்ணத்தில் புள்ளிக் கோடாக வரைந்திருந்தார்கள். தான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு, இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்துக்கும் அப்பால் இருந்தது என்று ஓர் ஆயா சொன்னதையும் அதே இடத்தில் எழுதியிருந்தார்கள். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியபின், வடக்கு நோக்கி நகர்ந்த மணல் தடைபட்டுத் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றதும் எங்கள் கரையை அலை தின்றதும் அந்த ஒரே காரணத்தால்தான். பத்து வயதுப் பிள்ளைகள் இதை யாருக்கும் புரியும்படி ஒரு தாளில் காட்டிவிட்டார்கள். சென்னையின் வரலாற்றில் இது சேராது என்றால், வேறு எது சேரும் ஐயா?

தாங்கள் வெளியிட்ட படத்தில், ரிப்பன் வெட்டிய சிறப்பு விருந்தினருக்குப் பின்னால் அந்த வரைபடம் பாதி மறைந்து தெரிகிறது. மறுப்போ வருத்தமோ தெரிவிக்கும்படி நான் கேட்கவில்லை. அந்த வரைபடத்தை மட்டும், எழுத்துகளைப் படிக்க முடிகிற அளவில், பள்ளியின் ஒப்புதலோடு வரைந்த பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
இராயபுரம், சென்னை.