அந்தப் பக்கங்களை மலரில் சேருங்கள்: சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான கமிட்டி அங்கத்தினர்களுக்கும் மூப்பர்களுக்கும் தோத்திரம்.

ஆண்டு விழா மலருக்காக வாலிபர் ஐக்கியத்தார் நாங்கள் எழுதிக் கொடுத்த சபை வரலாறு போன வாரம் திரும்பி வந்தது. முதல் ஆலயம், அதைக் கட்டியவர்கள், முதல் ஞானஸ்நானம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நம் சபை இரண்டு தரப்பாகப் பிரிந்து வழக்காடிய பிரிவினைக் காலத்தைப் பற்றிய பக்கங்களில் மட்டும் மேலிருந்து கீழாகச் சிவப்பு மையால் கோடு. ஓரத்தில் "தேவையில்லை" என்று ஒரே ஒரு சொல். அந்த வழக்கு எப்படித் தொடங்கியது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அதை மறுபடி விவரிக்கவில்லை. நாங்கள் கேட்பது அந்தப் பக்கங்களை மலரில் சேருங்கள் என்பதுதான்.

ஆனால் அதில் ஒரு பத்தியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நெடுங்காலம் பாடகர் குழுவில் பாடிய ஒரு அம்மா எங்களிடம் சொன்னது அது. வழக்கு நடந்த நாட்களில் ஆலயக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின, தரப்புக்கு ஒன்றாக. அந்தச் சமயத்தில் அவருடைய தாயார் இறந்துபோனார். அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே திருமணமாகி, சனிக்கிழமை தோறும் பீடத்தைத் துடைத்து விரிப்பு மாற்றி வைத்தவர். அடக்க ஆராதனைக்காகச் சாவி கேட்டு இரண்டு தரப்பாரையும் போய்ப் பார்த்தார்கள். "அவங்க திறக்கட்டும், நாங்களும் திறக்கிறோம்" என்று இரண்டு வீட்டிலும் ஒரே பதில். கடைசியில் கேட்டுக்கு வெளியே பெஞ்சு போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து ஜெபம் செய்து எடுத்துப் போனார்கள். இதைச் சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மா கேட்டுக்கொண்டது: "இதை எழுதுங்க. நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க கையில யாராவது ஒரு பூட்டைக் கொடுத்தா, அவங்க வாங்கக் கூடாது."

இதுவா தேவையில்லாதது?

காரணம் கேட்டபோது உங்களில் ஒரு பெரியவர் நோவாவின் கதையைச் சொன்னார். தகப்பனின் நிர்வாணத்தை சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து போய் மூடினார்களே, நீங்கள் ஏன் திறக்கிறீர்கள் என்றார். ஐயா, அந்தப் பிள்ளைகள் மூடியது உண்மை. ஆனால் நோவா திராட்சரசம் குடித்து வெறித்துக் கிடந்ததை ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் மூடவில்லை. அதனால்தான் அது உங்களுக்கும் எங்களுக்கும் தெரிகிறது. நோவாவை யாரும் இழிவாக நினைப்பதில்லை. நாங்களும் இறந்துபோனவர்களை இழிவுபடுத்தக் கேட்கவில்லை.

ஆசாப்பின் 78ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். பின்வரும் சந்ததிக்கு மறைக்காமல் சொல்லுவோம் என்று தொடங்குகிறவர், கர்த்தரின் அதிசயங்களை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆயுதம் தரித்தும் யுத்தநாளில் முதுகு காட்டிய எப்பிராயீம் கோத்திரத்தைச் சொல்கிறார், கைவிடப்பட்ட சீலோவின் ஆசரிப்புக் கூடாரத்தைச் சொல்கிறார். பிள்ளைகள் தங்கள் பிதாக்களைப் போல முரட்டாட்டமான சந்ததியாகிவிடக் கூடாது என்று காரணத்தையும் 8ஆம் வசனத்தில் வைத்துவிடுகிறார். யோர்தானுக்கு இக்கரையில் நின்று மோசே புதிய தலைமுறையிடம் பேசியபோதும் அப்படித்தான். ஓரேப் மலையிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம். அங்கிருந்து கானானுக்குள் போயிருக்க வேண்டிய ஜனம் நம்ப மறுத்ததால் 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் அந்த ஜனத்தின் சொந்தப் பிள்ளைகள். தான் உள்ளே போகக் கூடாது என்று கர்த்தர் சொன்னதையும் மோசே அவர்களிடம் மறைக்கவில்லை.

யூதாவின் ராஜா யோசியாவை நினைத்தால் எங்களுக்கு இன்னும் வலிக்கிறது. தாத்தா மனாசே 55 வருஷம் ஆண்டவன், எருசலேமைக் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பியவன். அப்பா ஆமோனும் அதே வழிதான். யோசியா 8 வயதில் ராஜாவானான். நியாயப்பிரமாண புஸ்தகம் அவன் காதில் விழுந்ததோ அரசாட்சியின் 18ஆம் வருஷத்தில். அவ்வளவு காலமும் அது ஆலயத்துக்குள்ளேயே கிடந்தது. அரண்மனை எழுத்தரான சாப்பான் வாசித்ததும் அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, "எங்கள் பிதாக்கள் செவிகொடுக்கவில்லையே" என்றான். அந்தத் துக்கத்திலிருந்துதான் அவன் உடன்படிக்கை பண்ணினான், விக்கிரகங்களைத் தகர்த்தான், பஸ்காவை ஆசரித்தான். யாரும் வாசித்துக் காட்டாதிருந்தால் எதிலிருந்து திரும்புவான்?

தகப்பன் செய்த பாவங்களை மகன் கண்டு, அப்படிச் செய்யாதிருந்தால் பிழைப்பான் என்று எசேக்கியேல் 18 சொல்கிறது. முதலில் காண வேண்டும், அப்புறம்தான் விலக முடியும். நீங்கள் எங்களைக் காண விடமாட்டேன் என்கிறீர்கள்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தோம், ஆனாலும் சொல்கிறோம். மலரில் நன்கொடையாளர் படங்களுக்கு இடம் இருக்கிறது. முன்னாள் செயலர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் இருக்கிறது. கமிட்டித் தேர்தலும் நெருங்குகிறது. "நம்ம ஆளு", "அவங்க ஆளு" என்ற பேச்சு ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே கேட்கிறது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அந்த அம்மா சொன்னார். எங்களோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர்களே இப்போது எதிரெதிர் அணியில் பெயர் கொடுக்கிறார்கள். கர்த்தருக்கு உண்மையாய் இருக்கவேண்டும் என்று எங்களுக்குப் பிரசங்கம் நிறையவே கிடைக்கிறது. நம் சபையில் அந்த உண்மை எந்த இடத்தில் தவறியது என்று மட்டும் யாரும் காட்டுவதில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்கள்தான் சங்கடம் என்றால் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிடச் சம்மதிக்கிறோம். குடும்பங்களை அடையாளம் காட்டும் வரிகளையும் நீக்கிக்கொள்ளுங்கள். ஆனால் பூட்டிய கதவும், வெளியே வைத்த பெட்டியும், பிறகு இரண்டு தரப்பாரும் முழங்காலில் நின்று ஒப்புரவான அந்த உபவாச நாளும் அச்சில் வரவேண்டும். கோடு போட்டபோது அந்த ஒப்புரவையும் சேர்த்தே அடித்துவிட்டீர்கள் என்பதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எங்களை ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். திருத்திய பிரதியோடு வருகிறோம். அந்தப் பக்கங்களைத் தயவுசெய்து மலரில் சேருங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் பிள்ளைகள்,
வாலிபர் ஐக்கியத்தின் வரலாற்றுக் குழுவினர்