ஆந்தைக் கூடு உள்ள வெடிப்பலா மரத்தை வெட்டாமல் விடக் கோரி மனு

அனுப்புநர்
தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் குடியிருப்போர்,
வால்பாறை மலைப்பகுதி.

பெறுநர்
மாவட்ட வன அலுவலர் அவர்கள்.

பொருள்: காட்டுக் கொம்பன் ஆந்தை குஞ்சு வைத்துள்ள மரத்தைக் காப்பாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் லைனுக்கு மேலே, சோலையை ஒட்டிய சாலையோரத்தில் ஒரு வயதான வெடிப்பலா நிற்கிறது. உச்சி பட்டுப்போய்விட்டது. சாலையில் விழுந்துவிடும் என்று போன வாரம் அதை வெட்டுவதற்காகச் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுவிட்டார்கள். அந்த மரத்துப் பொந்தில்தான் காட்டுக் கொம்பன் ஆந்தையின் குஞ்சு இருக்கிறது.

பாறைப் பக்கம் பார்க்கிற கொம்பன் ஆந்தை வேறு. அதன் கண் ஆரஞ்சு நிறம். இதன் கண் கரும்பழுப்பு. ஏறக்குறைய இரண்டடி நீளம், மஞ்சள் அலகு, பக்கவாட்டில் சரிந்த கொம்புத் தூவிகள், வெளிறிய வயிறு முழுக்கக் கரும்புள்ளிகள். அடர்ந்த காட்டை விட்டு அதிகம் வெளியே வராது. மரத்தடியில் அது செரிக்காமல் கக்கிய உருண்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம்: முயல் ரோமம், நடுவே காட்டுக்கோழியின் கால் எலும்பு. இரவில் அது அலறினால் முன்பெல்லாம் பேய் என்று கதவைச் சாத்துவோம். இப்போது குஞ்சுக்கு இரை வந்துவிட்டதா என்று காது கொடுக்கிறோம்.

இந்த ஆந்தை தானே கூடு கட்டாது. பெரிய மரப்பொந்திலோ கழுகு விட்டுப்போன பழைய கூட்டிலோ முட்டையிடும். அதுவும் ஒரே ஒரு முட்டை. இந்தக் குஞ்சு போனால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். இருவாச்சிப் பறவையும் இப்படிப்பட்ட பொந்தைத்தான் தேடி வருகிறது. இளமரத்தில் அந்த அளவுப் பொந்து ஏது ஐயா?

சாலையைப் பற்றிய பயம் எங்களுக்கும் உண்டு. எங்கள் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு நடக்கிறார்கள். அதனால் குஞ்சு பறக்கும்வரை மரத்தடியில் தடுப்புக் கட்டி, நடக்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் வழிவிட வேண்டுகிறோம். அப்புறம் பட்ட கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, பொந்து உள்ள அடிமரத்தை நிற்கவிடுங்கள். இனி, குஞ்சு பொரிக்கும் காலமான டிசம்பர் முதல் மே வரை எந்த மரத்துக்கும் எண் போடும் முன் பொந்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆந்தையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்ற பலகையும் அங்கே தேவை. மாந்திரீகத்துக்கென்று ஆந்தை தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வனக்காவலர் ஒருவரை மாலை ஆறு மணிக்கு அனுப்பிவைத்தால் நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம். பொந்தின் வாயில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒரு முகம் எட்டிப் பார்க்கும்.

இப்படிக்கு,
லைன் வீட்டு மக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)